மரகதம் டீச்சருக்கு வந்தது மாரடைப்பு அல்ல

செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. தோசைக்கல்லை அடுப்பில் வைத்த நேரத்தில் மரகதம் டீச்சரின் மகள் பிருந்தா கூப்பிட்டாள். "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். குரலில் அழுகை இல்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் கிடந்த பெண் அவள்; அழுகையெல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி மறுபடி ஒலித்தது. நம் பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு. மாலை போட்ட படம். அதன் கீழே, "அறிவியல் ஆசிரியை மரகதம் அவர்கள் இன்று காலை மாரடைப்பால் இயற்கை எய்தினார்." அதற்கும் கீழே கூப்பிய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

நான் கணக்கு டீச்சர். கரும்பலகையில் தப்பான விடை இருந்தால் அதை அழிக்காமல் வகுப்பை விட்டு வெளியே வர என்னால் முடிந்ததில்லை. அதனால் நம் பள்ளி மலரில் இதை எழுதுகிறேன். நம் பள்ளியில் படித்தவர்களும் வேலை செய்தவர்களும்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். உங்களில் பலருக்கு நான் கோபப்பட்டுப் பார்த்த நினைவே இருக்காது. "ஜெசிந்தா டீச்சர் ஏழு தடவை சொல்லிக் குடுப்பாங்க, எட்டாவது தடவையும் சிரிப்பாங்க" என்று நீங்கள் எனக்குப் பின்னால் பேசியது எனக்குத் தெரியும். இப்போது சிரிப்பு வரவில்லை.

மரகதம் டீச்சர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்பதை நினைவுபடுத்திக்கொள்வோம். பீளமேட்டில் மில் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலம். நம் மாணவிகளில் பாதிப்பேர் மில் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வரும். மற்றப் பள்ளிகளில் அதை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போய்விடுவார்கள். மரகதம் டீச்சர் பலகை முழுக்கப் படம் வரைந்து நடத்துவார். ஒரு முறை பக்கத்து வகுப்பில் இருந்த எனக்கு அவர்கள் பேசுவது கேட்டது.

"டீச்சர், ஜன்னலைச் சாத்திரட்டுங்களா?"

"எதுக்குக் கண்ணு? ஜீரண மண்டலம் நடத்துனப்பச் சாத்துனமா?"

அடுத்த நாள் ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். பஞ்சு ஒட்டிய சட்டையோடு, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலைமையாசிரியை நெளிந்தார். மரகதம் டீச்சர் அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கலாமுங்களா?" என்றார் அவர்.

"உங்க ஊட்டுல மாடு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ரெண்டு."

"மடி வீங்கிப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"டாக்டரைக் கூட்டியாருவனுங்க."

"என்னன்னு சொல்லிக் கூட்டியாருவீங்க?"

"மடி வீங்கியிருக்குதுன்னு."

"மாட்டுக்குச் சொல்ற வாயி மகளுக்குச் சொல்லோணுமா இல்லீங்களா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று ஆசிரியர் அறையில் டீ குடிக்கும்போது மரகதம் டீச்சர் சொன்னதை உங்களில் பலர் அவர் வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள்: "ஒடம்புல மேல்சாதி உறுப்பு, கீழ்சாதி உறுப்புன்னு ஒண்ணும் கெடையாதுங்க."

இவ்வளவு தைரியமான பெண் எப்படிச் செத்தார் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் சிலர் ஒரு வேன் பிடித்து ஊர் ஊராகப் போய் வருவோம். ஆசிரியைகளும், வரச் சம்மதித்த கணவர்களும். அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவப் பெண் நான் ஒருத்திதான். வேளாங்கண்ணியை முன்மொழிந்தது நான் அல்ல, மரகதம் டீச்சர். "திருவிழாக் கூட்டமில்லாத நாளாப் பாத்துச் சொல்லுங்க டீச்சர். நாங்க கும்புட வரலீங்க, பாக்க வாரோம்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கரூர் தாண்டி, திருச்சி தாண்டி, தஞ்சாவூருக்கு அப்பால் வேன் போகப் போக இரண்டு பக்கமும் வயல்கள் பச்சையாக விரிந்தன. மரகதம் டீச்சரின் கணவர் குழந்தைசாமி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பொருமிக்கொண்டே வந்தார். "இத்தனை தண்ணியை வெச்சுக்கிட்டு நெல்லு மட்டும் போடறாங்களே! நமக்கு இதுல பாதி வந்துருந்தா?" "வந்துருந்தா நீங்க சைட் பிரிச்சு வித்துருப்பீங்க" என்றார் மரகதம் டீச்சர். வேன் முழுக்கச் சிரித்தது. குழந்தைசாமி நிலத்தை விற்றுத்தான் பம்ப் உதிரிபாகப் பட்டறை போட்டவர். அவரும் சிரித்தார். நல்ல மனிதர். இனி வரப்போவதில் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

சின்ன வயதிலிருந்து நான் போய் வந்துகொண்டிருக்கும் இடம் அது. அன்று அவர்களோடு போனபோது புதிதாகப் பார்த்தேன். கடல் காற்றில் மெழுகும் பொரித்த மீனும் கலந்த வாசனை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள். தென்னங்கன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்கள். பழைய மாதா கோயிலுக்குப் போகும் மணல் பாதையில் ஓர் இளம்பெண் முழங்காலால் நகர்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் அவள் அம்மா நடந்தார். மரகதம் டீச்சர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முட்டிச் சிப்பி தேஞ்சு போயிருமுங்க டீச்சர். ஆனா அந்தப் புள்ள மொகத்தைப் பாருங்க, வலியே இல்ல" என்றார்.

நேர்ந்துகொண்டவர்கள் செலுத்திய காணிக்கைகளை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கண், கை, கால், சிறுநீரகம் என்று தகட்டில் வெட்டிய உடம்புறுப்புகளின் உருவங்கள், வீடு கட்டியவர் வைத்த சின்ன வீடு, தொட்டில். மரகதம் டீச்சர் அதைப் பரிசோதனைக் கூடத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இங்கயே ஒரு கிளாஸ் எடுக்கலாமுங்க" என்றார்.

"எல்லா உறுப்பும் இருக்குதுங்களா டீச்சர்?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன்.

"எல்லாம் இல்லீங்க" என்றார். மேலே நடந்தார்.

வெளியே கடைத்தெருவில் அந்தத் தகடுகளை விற்கிறார்கள். வரிசையாகக் கம்பியில் மாட்டி, காற்றில் ஒன்றோடொன்று உரசிச் சத்தமிடும். மரகதம் டீச்சர் ஒரு கடை முன்னால் நின்றுவிட்டார். கடைக்காரப் பெண் அந்தப் பக்கத்து ஆள். சட்டென்று கேட்டார்.

"என்னம்மா குறை? யாருக்கு?"

"ஒடம்புக்குங்க."

"உடம்புன்னா? கண்ணா, காலா, வயிறா?"

மரகதம் டீச்சர் தகடுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ஓர் இதயத்தைக் காட்டினார். நான் பதறிப்போய், "ஹார்ட்ல என்னங்க?" என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி, "எங்க ஊட்டுக்காரருக்குப் பிரஷருங்க. அவர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கணவனுக்காக வேண்டிக்கொள்ளாத மனைவி உண்டா?

காணிக்கை போடுவதற்கு முன்னால் தகட்டை நோவுள்ள இடத்தில் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பது பலருடைய வழக்கம். கால் வலிக்காரர் காலில் வைப்பார். பார்வை மங்கியவர் இமையில் ஒற்றிக்கொள்வார். மரகதம் டீச்சர் அந்த இதயத்தைத் தன் இடது பக்கத்தில், அக்குளை ஒட்டி, சேலைத் தலைப்புக்குள் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். நான் முன் வரிசையில் இருந்தேன், பார்க்கவில்லை. பின்னால் நின்ற குழந்தைசாமி பார்த்தார்.

அவர் என்ன நினைப்பார்? மனைவிக்கு இதயத்தில் ஏதோ கோளாறு, தன்னிடம் சொல்லாமல் மறைக்கிறாள் என்று நினைத்தார். ஊர் திரும்பிய வாரமே நகரத்தில் பெரிய இருதய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனார். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் எடுத்தார்கள். எக்கோ எடுத்த பெண் கருவியை மார்பில் வைத்து நகர்த்தியபோது ஓரிடத்தில் இவர் முகம் சுளித்திருக்கிறார். "வலிக்குதுங்களா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "இல்லீங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் வேலை இதயம் பார்ப்பது; பார்த்து முடித்துவிட்டாள். டாக்டர் காகிதங்களைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் குழந்தைசாமி மைசூர்பாக் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "டீச்சர், உங்க மாதா கண்ணைத் தொறந்துட்டாங்க. ஹார்ட் இரும்பு மாதிரி இருக்குதுன்னு டாக்டரே சொல்லிப்போட்டாருங்க!" நானும் மைசூர்பாக் தின்றேன். யாருக்கு இதயம் என்ற குழப்பத்தை அன்று கேட்டுத் தெளிந்துகொள்ள எனக்குத் தோன்றவில்லை. தன் பிரஷருக்காக மனைவி வேண்டியதை இந்த மனிதர் தப்பாகப் புரிந்துகொண்டு செலவு செய்துவிட்டார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சில மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் மரகதம் டீச்சர் தனியாக வந்தார். "கதவைச் சாத்துங்க டீச்சர்" என்றார். ஜன்னலைக்கூடச் சாத்த விடாத பெண் அன்று கதவைச் சாத்தச் சொன்னார். ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினார். அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. கட்டி, தோலை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது, அது போதும்.

"எப்ப இருந்துங்க?"

"வேளாங்கண்ணிக்கு முன்னாடியே தட்டுப்பட்டுதுங்க."

நான் கத்திவிட்டேன். "நீங்க சயின்ஸ் டீச்சருங்க! உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க. தெரிஞ்சதுனாலதான் பயமுங்க."

"உங்க ஊட்டுக்காரர்கிட்டயாச்சும் சொல்லக் கூடாதுங்களா? புள்ளைங்களுக்கெல்லாம் சொன்ன வாயிதானே?"

"புள்ளைங்களுக்குச் சொன்னா அது பாடமுங்க. எங்க ஊட்டுல சொன்னா அது மானமுங்க."

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மென்று விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். அன்று மத்தியானமே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். சதைப் பரிசோதனை, அறுவை, பிறகு கீமோ. "முன்னாடியே வந்திருந்தா" என்று ஆரம்பித்த பெண் டாக்டர், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்களை உட்கார வைத்து ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார்: அம்மாவுக்கு வந்திருப்பதால் மகளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

இனி நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைசாமியின் அக்கா, உடுமலைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவர். பிருந்தா பீளமேட்டில் ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள், அப்போது இருபத்தெட்டு வயது. உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்புக் குடும்பம் ஒன்றில் அவளுக்கு வரன் பார்த்து வைத்திருந்தார் அத்தை. செய்தி கேட்டதும் வந்து இறங்கி, வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்; குழந்தைசாமி அக்கா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். "ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க. அல்சருன்னு சொல்லிக்கலாம்" என்றார். கீமோவில் முடி கொட்டியதும், "பழனிக்கு மொட்டை போட்டதாச் சொல்லிக்கலாம்" என்றார். அதன்படியே பழனி பஞ்சாமிர்த டப்பா இரண்டு வாங்கி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார்கள். நான் பொய் பார்த்திருக்கிறேன். பிரசாதம் விநியோகித்த பொய்யை அன்றுதான் பார்த்தேன்.

மருத்துவம் ஓரளவு கேட்டு, உடம்பு கொஞ்சம் தேறியிருந்த நாட்களில் மரகதம் டீச்சர் மறுபடியும் வேளாங்கண்ணிக்குப் போக வேண்டும் என்றார். இந்த முறை வேன் இல்லை, கணவர்கள் இல்லை. பிருந்தா கார் ஓட்டினாள். நாங்கள் இருவரும் பின் இருக்கையில். தலையில் சேலையை முக்காடாகப் போட்டுக்கொண்டிருந்த டீச்சர், வழியில் மொட்டைத் தலைகளைப் பார்த்துவிட்டு முக்காட்டை எடுத்தார். "இந்த ஊர்ல நான்தான் டீச்சர் சாதாரணமா இருக்கறேன்" என்று சிரித்தார்.

அதே கடைத்தெரு. அதே கடைதான் என்று நினைக்கிறேன். தகடுகள் அதே மாதிரி காற்றில் ஆடின.  கடைக்காரப் பெண்ணிடம் சத்தமாகவே கேட்டேன்: "மார்பு உருவம் இருக்குதாம்மா?"

அந்தப் பெண் இமைகூடக் கொட்டவில்லை. "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, மேசைக்குக் கீழிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இழுத்தார். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய தகடுகள். ஒன்றை எடுத்துப் பிரித்து நீட்டினார்.

"ஏம்மா கீழ வச்சிருக்கீங்க?"

"வெளிய மாட்டினா ஆம்பளைங்க நின்னு வேடிக்கை பாக்கறாங்க. அதான். கேட்டா எடுத்துக் குடுப்போம்."

"கேக்கறாங்களா?"

"எங்கேம்மா கேக்கறாங்க? வருவாங்க. நிப்பாங்க. கண்ணைப் பாப்பாங்க, காலைப் பாப்பாங்க. கடைசியில ஒரு இதயத்தை வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நானா எப்படிக் கேக்கறது, சொல்லுங்க?"

மரகதம் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "இருந்துருக்குதுங்க டீச்சர்! இருந்துருக்குது! கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்க!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அது கோபமாக மாறியதை நான் நேரில் பார்த்தேன். "நான் ஒருத்தி மட்டும்னு நெனச்சனுங்க. இத்தனை பேரா இதயத்தை வாங்கிட்டுப் போயிருக்கறாங்க? அவங்கெல்லாம் இப்ப எங்க இருக்கறாங்க டீச்சர்?"



அவர் அந்தத் தகட்டை வாங்கவில்லை. "எனக்கு வேணாமுங்க. அங்க மாட்டுங்க, கண்ணுக்கும் காலுக்கும் நடுவுல. பாக்கறவன் பாத்துட்டுப் போகட்டும்" என்றார். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே மாட்டினார். நாங்கள் போன பிறகு கழற்றிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

அன்று கடற்கரையில் மரகதம் டீச்சர் கால் நனைய நின்றபடி பிருந்தாவிடம் சொன்னார்: "நான் மறைச்சதுக்கு நான் அனுபவிக்கறேன் அம்மணி. நீ மறைக்காதே. முதல்ல போயிப் பாரு." பிருந்தா தலையாட்டினாள். ஆனால் ஊர் திரும்பியதும் அத்தை விடவில்லை. "ஆஸ்பத்திரியில ஆராச்சும் தெரிஞ்சவங்க பாத்துட்டா? கல்யாணம் முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்று நாளைத் தள்ளினார். அதற்குள் அம்மாவுக்கு நோய் எலும்புக்குப் போய்விட்டது. அம்மாவைப் பார்ப்பதா, தன்னைப் பார்ப்பதா என்று பிருந்தாவும் தள்ளிப்போட்டாள்.

கடைசியாகக் கீமோ அறையில் மரகதம் டீச்சர் செய்ததை நான் சொல்லியாக வேண்டும். வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொருவர் கையிலும் ஊசி. ஒரு பெண்ணிடம் "உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டால் "வயிறுங்க" என்பார். இன்னொருவர் "ரத்தம் கொறைச்சலுங்க" என்பார். இவர், "எனக்கு மார்புங்க. எடது பக்கம். எடுத்துட்டாங்க" என்பார், ஊருக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோல. கொஞ்ச நேரத்தில் வயிறு என்றவரும் மெல்ல, "எனக்கும் அதேதானுங்க" என்பார். முப்பத்தைந்து வருடம் வகுப்பெடுத்த குரல் கடைசி வகுப்பை அங்கே எடுத்தது.

இத்தனையும் செய்துவிட்டுப் போன பெண்ணைத்தான் "மாரடைப்பால் இயற்கை எய்தினார்" என்று மாலை போட்டார்கள். சடலத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள், "நல்ல சாவுங்க. படாமப் போயிட்டாங்க" என்றார்கள். படாமலா? அந்த வீட்டுச் சுவர்கள் கேட்ட முனகலை நானும் கேட்டேன். இன்னொரு அம்மாள் என்னைப் பார்த்து, "வேளாங்கண்ணி வரைக்கும் ரெண்டு தடவை போனாங்களே டீச்சர், மாதாவும் கைவிட்டுட்டாங்களே" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாதா ஏனுங்க கைவிடறாங்க? அந்த ஊர்ல பேரைச் சொல்லிக் கேட்டதும் எடுத்து நீட்டுனாங்க. கைவிட்டது இந்த ஊரு" என்றேன். அந்த அம்மாளுக்கு நான் சொன்னது புரிந்திருக்காது. இப்போது படித்தால் புரியும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஒருவர் மேடையில், "பெரிய இதயம் கொண்டவர், அந்த இதயமே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது" என்று பேசினார். கைதட்டக்கூடச் செய்தீர்கள். அந்த இதயத்தில் ஒரு குறையும் இல்லை, ஐயா. அதற்கு ட்ரெட்மில் சான்று இருக்கிறது. அன்று நான் பேச எழுந்திருக்கவில்லை. பிருந்தா முன் வரிசையில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்ல வேண்டியதை அவளுக்கு முன்னால் நான் பறித்துக்கொள்ளக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் அத்தை என்னை ஓரமாக அழைத்தார். "டீச்சர், நீங்க வாயத் தொறக்காம இருந்ததுக்குக் கோடிப் புண்ணியமுங்க. ஒரு பொண்ணு வாழ்க்கைங்க இது."

"வாழ்க்கைன்னா உயிரும் அதுல சேந்ததுதானுங்களே. அவளை எப்பங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆவணியில கல்யாணமுங்க. முடிஞ்சதும் மாப்பிள்ளையே கூட்டிட்டுப் போயிக்குவாரு."

"என்னன்னு சொல்லிங்க? அல்சருன்னா?"

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.  மரகதத்தைக் கொன்ற அதே பணிவு, அதே மரியாதை, "ங்க" போட்டுப் பேசிக்கொண்டே அவர் மகளையும் வரிசையில் நிறுத்தியது. நம் ஊர்ப் பேச்சின் இனிமையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். புகழட்டும். இந்த இனிமைக்குள் எத்தனை பெண்களைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் பிருந்தாவைப் பார்க்க அவள் அலுவலகத்துக்கே போனேன். கேன்டீனில் உட்கார்ந்தோம். "பள்ளி மலருக்கு உங்கம்மாவைப் பத்தி எழுதச் சொல்றாங்க. உண்மையா எழுதறதுன்னா உன்னைக் கேக்காம எழுத மாட்டேன். நீ வேணாமுன்னா நான் எழுதவே மாட்டேன்" என்றேன்.

அவள் கைபேசியை எடுத்து, என் முன்னாலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். "எங்கம்மாவுக்கு ஹார்ட் இல்லீங்க. பிரெஸ்ட் கேன்சர். நானும் டெஸ்ட் பண்ணோணுமுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. உங்ககிட்டச் சொல்லாம வெச்சிருந்தாங்க" என்று மூச்சு விடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "சரிங்க, கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று வைத்தாள்.

"என்ன சொன்னாரு கண்ணு?"

"ஊட்டுல கேட்டுச் சொல்றாராம் டீச்சர்."

"சொல்லாட்டி?"

"தேங்கா வெட்டிட்டு இருக்கட்டும்" என்றாள். சிரிக்கப் பார்த்து, முடியாமல் அழுதாள். அம்மா இறந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதுங்க டீச்சர். பேரு போட்டே எழுதுங்க. என் பேரையும்" என்றாள். இதை எழுத எனக்கு உள்ள உரிமை அது மட்டும்தான்.

போன வாரம் பரிசோதனைக்கு அவளோடு போனேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அதுவரை அழைப்பு வரவில்லை, இன்றுவரையும் வரவில்லை. அத்தை இரண்டு முறை கூப்பிட்டு, என்னைப் பற்றிச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னாராம். மருத்துவமனைக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள். சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமல் பழக்கமான மெல்லிய குரலில், "என்ன தொந்தரவுங்க?" என்று கேட்டாள்.

"மார்பு பாக்கோணுமுங்க" என்றாள் பிருந்தா. கூடமே கேட்கிற குரல். "எங்கம்மா மார்புப் புத்துநோயிலதான் செத்தாங்க. எனக்கு இருக்குதா இல்லையான்னு தெரியோணும்."

தலைகள் திரும்பின. பிருந்தாவின் காது மடல் சிவந்து போனது. ஆனால் அவள் குனியவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  கொஞ்ச நேரம் கழித்து எதிர் வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். கையில் துணிப்பை, கழுத்தை இறுக்கிச் சுற்றிய முந்தானை. என் பக்கம் பார்க்காமல் பிருந்தாவிடம் குனிந்து கேட்டார்:

"அது எந்த ரூம்ல பாக்கறாங்க அம்மணி? நானும் வாரேன்."

இருவரும் சேர்ந்து உள்ளே போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்தால் என்னவாக இருந்தாலும் பிருந்தா சொல்லுவாள். நீங்கள் கேட்டால் நானும் சொல்லுவேன்.

நினைவஞ்சலியின் முடிவில், போனவருடைய ஆன்மா சாந்தியடைய வேண்டுவார்கள். நான் வேண்டப் போவதில்லை. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் நின்று, "அவங்கெல்லாம் இப்ப எங்க இருக்கறாங்க டீச்சர்?" என்று கேட்டாரே, அந்தக் கோபம்தான் மரகதம் டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை ஆறவிட மாட்டேன். நம் பள்ளிப் பெண்களே, உங்களில் யாராவது இதைப் படித்துவிட்டுக் கையை மெல்ல அந்த இடத்துக்குக் கொண்டுபோய், எதுவோ தட்டுப்பட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், எழுந்திருங்கள். உங்கள் டீச்சர் சொல்கிறார், எழுந்திருங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். வாரேன்.